கேம் மியூசிக் போட என்ன பொட்டி வாங்கணும்?

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். "வீடியோ கேமுக்கு மியூசிக் போடப் போறேன்" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை சொன்னால் தயவுசெய்து திட்டாதீர்கள். கூடவே, அது நீட்டுகிற சாமான் பட்டியலைப் பார்த்ததும் கிரெடிட் கார்டையும் எடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல ஜப்பான் வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை டிபனை முடித்துவிட்டு வந்து உட்காருங்கள் :-)

எதற்குத் திடீரென்று இந்த ஆராய்ச்சி என்றால், இங்கே புனேயில் எங்கள் சொசைட்டியில் (அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்) ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலை. பையன் பதினொன்றாம் வகுப்பு. ஆறு வருஷம் கீபோர்டு கிளாஸ் போனவன், நன்றாகவே வாசிப்பான். போன கணபதி விழாவில் மேடையில் அவன் வாசித்ததைக் கேட்டு மராத்திப் பாட்டிகள் வரிசையாக வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை அப்பாவிடம் ஒரு எக்ஸெல் ஷீட் கொடுத்திருக்கிறான். 88 கட்டை கீபோர்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஜோடி ஸ்டூடியோ மானிட்டர் ஸ்பீக்கர், கண்டென்சர் மைக், ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரி, இதையெல்லாம் தாங்க 64 ஜிபி ராம் போட்ட கம்ப்யூட்டர். கடைசி வரியில் ஜிஎஸ்டி உட்பட மூன்றே கால் லட்சம்!

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஜேஈஈ முடியட்டும், அப்புறம் பாக்கலாம்." அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நான் மிருதங்கம் கத்துக்கணும்னு அழுதப்ப எங்கய்யன் கண்டுக்கவே இல்லீங்க. இவனுக்காவது செய்யலாம்னு பாக்கறேன். நீங்கதான் கேம் விளையாடறவராச்சே, இதெல்லாம் வேணுங்களா?" என்று என்னிடம் ஷீட்டைக் காட்டினார். பி.எஃப். பணத்தில் கைவைக்கக்கூட யோசித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஷீட்டைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் யூசோ கோஷிரோ.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நம் ஊரில் 90களில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தது கேசட் செருகுகிற 8-பிட் பொட்டி, அதுவும் நகல் சரக்கு. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அப்போது செகா கம்பெனியின் மெகா டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு 1991ல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் என்று ஒரு கேம் வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. போலீஸ் வேலையை விட்ட மூன்று பேர் தெருத்தெருவாக நடந்து ரவுடிகளை உதைக்கிறார்கள். நம்ம மசாலாப் படம்தான், டூயட் மட்டும் மிஸ்ஸிங். ஆனால் இன்றைக்கும் அந்த கேம் பேசப்படுவதற்கு ஒரு பெரிய காரணம் அதன் இசை. அப்போது நைட் கிளப்புகளில் ஓடிக்கொண்டிருந்த ஹவுஸ், டெக்னோ வகை இசையை வீட்டு டிவி ஸ்பீக்கருக்குள் கொண்டுவந்து இறக்கினார் கோஷிரோ. அப்போது அவருக்கு வயது 23.

அவருக்குக் கிடைத்த "ஆர்கெஸ்ட்ரா" என்ன தெரியுமா? மெகா டிரைவுக்குள் யமஹாவின் வைஎம்2612 என்ற ஒரு சிப். ஒரே நேரத்தில் ஆறு குரல். ஆறாவது குரலைத் தியாகம் செய்தால் அந்த இடத்தில் பதிவு செய்த டிரம் சத்தத்தை ஓட்டலாம். கூடவே பழைய பாணி "பீப்" சிப் ஒன்று, அதில் மூன்று குரலும் ஒரு இரைச்சலும். அவ்வளவுதான். கேட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவு 4 மெகாபிட், அதாவது 512 கிலோபைட். படம், புரோகிராம், இசை, அடிதடிச் சத்தம் எல்லாம் அதற்குள்ளே அடங்க வேண்டும். இன்றைக்கு குடும்ப வாட்ஸப் குழுவில் வருகிற ஒரு "இனிய காலை வணக்கம்" வீடியோ இதைவிடப் பல மடங்கு பெரிது.

512 கிலோபைட்டில் பாட்டைப் பதிவு செய்து வைக்க முடியாது. ஸ்வரக் குறிப்பை மட்டும்தான் வைக்க முடியும். சிப் அதைப் பார்த்து அங்கேயே அப்போதே வாசிக்கும். அப்படியானால் வாத்தியத்தின் ஒலி எங்கிருந்து வரும்? அதையும் எண்களாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். வீணையில் ஒரு ஸ்வரத்தைக் கமகம் போட்டு அசைக்கிறார்கள். வினாடிக்கு நாலைந்து தடவை அசைந்தால் அசைவு காதுக்குத் தனியாகத் தெரிகிறது. அதே அசைவை வினாடிக்கு நூறு தடவை, ஐந்நூறு தடவை என்று வேகப்படுத்தினால்? அசைவு காணாமல் போய், ஒலியின் தன்மையே மாறிவிடுகிறது. குழல் மாதிரி இருந்தது மணி மாதிரி ஆகிறது, பித்தளை வாத்தியம் மாதிரி ஆகிறது. 1967ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் அதிர்வை அளவுக்கு மீறி வேகப்படுத்திப் பார்த்தபோது கண்டுபிடித்தது இதைத்தான். எஃப்எம் சிந்தசிஸ் என்று பெயர். யமஹா அதற்கு உரிமம் வாங்கியது. 1983ல் வந்த டிஎக்ஸ்7 கீபோர்டு, பிற்பாடு மெகா டிரைவுக்குள் போன சிப், இரண்டும் அந்த ஒரே குடும்பம்.

மெகா டிரைவ் சிப்பில் ஒவ்வொரு குரலுக்கும் இப்படி அசைகிற, அசைக்கிற பாகங்கள் நான்கு. அவற்றை எட்டு விதமாகக் கோர்க்கலாம். ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும், எப்படித் தேய வேண்டும், எவ்வளவு சத்தம் என்று தனித்தனியாக எண் கொடுக்க வேண்டும். ஒரு பேஸ் கிடார் ஒலி வேண்டுமென்றால் நாற்பதுக்கு மேற்பட்ட எண்கள். ஒன்றை மாற்றினால் தேன், இன்னொன்றை மாற்றினால் தகர டப்பா. எந்த எண் எதைச் செய்யும் என்பது கை பழகினால்தான் வரும்.

சரி, ஸ்வரங்களை எதில் எழுதினார்? என்ஈசி கம்பெனியின் பிசி-8801 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில். 1981ல் தொடங்கிய வரிசை அது. 1991ல் ஏற்கெனவே பழைய பொட்டி. திரையில் பியானோ கட்டை கிடையாது, வண்ண வண்ணப் பட்டைகள் கிடையாது. எல்லாம் எழுத்து. எம்எம்எல், அதாவது மியூசிக் மேக்ரோ லாங்வேஜ் என்ற முறையில் டைப் அடிக்க வேண்டும். ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து, எந்த ஸ்தாயி என்பதற்கு ஓர் எண், எவ்வளவு நீளம் என்பதற்கு இன்னோர் எண், இடைவெளிக்கு ஓர் எழுத்து, காலப்பிரமாணத்துக்கு ஓர் எண்.

கர்நாடக சங்கீத நோட்டுப் புத்தகம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ச ரி க ம என்று எழுதி, மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, நீட்டலுக்கு ஒரு கமா, இன்னும் நீட்ட அரைப்புள்ளி. கிட்டத்தட்ட அதேதான். சனிக்கிழமை காலையில் பாட்டு கிளாஸுக்குப் போய் கீதம் எழுதி வருகிற நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எம்எம்எல் புரிய ஒரு மணி நேரம் போதும். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கோஷிரோ அந்த எம்எம்எல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சிப்பில் தனக்கு வேண்டிய ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்துகிற மாதிரி அதை மாற்றி எழுதிக்கொண்டார். மியூசிக் லவ் என்று பெயர். இசையமைப்பாளர் தன் சாஃப்ட்வேரைத் தானே எழுதிக்கொண்டார் என்பதைக் கொஞ்சம் அசைபோட்டுப் பாருங்கள். ஹார்மோனியத்தைப் பிரித்து ரீட் மாற்றிக்கொள்கிற வித்வான் மாதிரி.

"அந்தக் காலத்துல வேற வழி இல்ல சார், அதான் அப்படி" என்பீர்கள். கோயம்புத்தூர்க்காரரும் அதைத்தான் சொன்னார். முழுக்க சரியில்லை. 1991ல் மிடி கீபோர்டு இருந்தது, சீக்வென்சர் இருந்தது. அதே மெகா டிரைவுக்கு செகாவின் அமெரிக்கக் கிளை ஜெம்ஸ் என்ற கருவியையே தயாரித்துக் கொடுத்தது. பிசியில் மிடி கீபோர்டைச் செருகு, வாசி, கேமுக்குள் போய்விடும். எண்களோடு மல்லாட வேண்டாம், தயார் ஒலிகள் கூடவே வரும். எவ்வளவு வசதி! பல அமெரிக்க கேம்களில் அந்தத் தயார் ஒலிகளை அப்படியே போட்டார்கள். கேட்டால் எல்லா கேமும் ஒரே மாதிரி கரகரக்கும். பாக்கெட் சாம்பார் பொடி போட்டால் தெருவில் பத்து வீட்டு சாம்பாரும் ஒரே வாசனை அடிக்குமே, அந்த மாதிரி. ஜெம்ஸில் நன்றாகச் செய்தவர்களும் உண்டு. அவர்கள் உள்ளே போய் ஒலிகளை மாற்றிக்கொண்டவர்கள். ஆகக் கருவி சுலபமா கஷ்டமா என்பது பிரச்சினையே இல்லை. அதன் அடிமட்டம் வரை போய் வந்தவரா என்பதுதான்.

இன்னொரு உதாரணம். 2007ல் ஜப்பானில் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு எட்ரியன் ஒடிசி என்ற கேம் வந்தது. அப்போது எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன. கோஷிரோ பழைய பிசி-8801ன் எஃப்எம் ஒலியிலேயே அதற்கு இசை எழுதினார். அந்த கேமின் மனநிலைக்கு அதுதான் பொருந்துகிறது என்பது அவர் முடிவு. அதே வரிசையில் நான்காவது கேம் 2012ல் வந்தபோது நிஜ வாத்தியங்களை வைத்துப் பதிவு செய்தார். 1990லேயே ஆக்ட்ரெய்சர் கேமுக்கு சாம்பிள் ஒலிகளை வைத்து ஆர்கெஸ்ட்ரா மாதிரி எழுதிக்காட்டியவரும் அவர்தான். எனவே "பழசுதான் உசத்தி" என்று நான் ஜல்லியடிப்பதாக நினைக்க வேண்டாம். எல்லா முயற்சியும் ஜெயித்தது என்றும் இல்லை. 1994ல் வந்த மூன்றாவது ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜில், தானாக இசைத் துணுக்குகளை உருவாக்குகிற ஒரு புரோகிராமை எழுதிப் பயன்படுத்தினார். இரைச்சல் என்று அப்போது நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அதில் பாதிதான் பிடிக்கும்.

இப்போது பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. கோஷிரோவின் அம்மா டோமோ கோஷிரோ பியானோ வாசிப்பவர். மூன்று வயதிலேயே மகனுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு வயலின், செல்லோ. சிறுவயதில் சில வருஷங்கள் ஜோ ஹிசாயிஷியிடம் பாடம். ஹயாவோ மியாசாகியின் டோட்டோரோ உள்ளிட்ட படங்களுக்கு இசை போட்ட அதே ஹிசாயிஷிதான். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வருகிறது. பள்ளிக்கூடப் பருவத்தில் பிசி-8801 கைக்கு வந்ததும் பையன் என்ன செய்தான்? ஆர்கேடுகளில் கேட்ட கேம் இசையைக் காதால் கேட்டே அப்படியே தன் பொட்டியில் எழுதிப் பார்த்தான். இதுதான் நிஜமான பயிற்சி. 18 வயதில் நிஹோன் ஃபால்காம் கம்பெனிக்கு அனுப்பிய மாதிரி இசை 1986ல் அவர்களுடைய சானாடு சினாரியோ 2 கேமில் இடம்பெற்றது. அடுத்த வருஷம் ஈஸ்.

1990ல் ஏன்ஷியன்ட் என்று சொந்தக் கம்பெனி. யார் யார்? மகன் இசை, தங்கை அயானோ ஓவியம், தலைமைப் பொறுப்பில் அம்மா! நம் ஊரில் அப்பளக் கம்பெனி நடத்துகிற மாதிரி ஒரு குடும்பமே கேம் கம்பெனி நடத்தியது. அடுத்த ஆண்டே சோனிக்கின் 8-பிட் பதிப்பை செகாவுக்குச் செய்துகொடுத்தார்கள். அந்த அம்மா மகனுக்குக் கொடுத்ததில் விலை உயர்ந்தது எது என்று கேட்டால், பதினைந்து வருஷ இசைப் பயிற்சி என்றுதான் சொல்வேன்.

"ரஹ்மான் வீட்டிலேயே ஸ்டூடியோ கட்டினாரே?" கேட்பீர்கள் என்று தெரியும். கட்டினார். அவரும் 1967ல் பிறந்தவர்தான், கோஷிரோவுக்குப் பதினோரு மாதம் மூத்தவர். ஆனால் கட்டுவதற்கு முன்னால் பத்து வருஷம் போலப் பலருக்குக் கீபோர்டு வாசித்துச் சம்பாதித்து, எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று கரைத்துக் குடித்திருந்தார். 1992ல் நாம் ரோஜா கேசட்டைத் தேயத் தேயக் கேட்டபோது, அதன் பின்னால் இருந்தது அந்தப் பத்து வருஷமும்தான்.

நிற்க. அந்த எக்ஸெல் ஷீட்டில் எனக்கு உண்மையில் உறுத்தியது விலை இல்லை. அதில் கேம் சம்பந்தப்பட்ட ஒரு வரிகூட இல்லை! முழுக்க சினிமாப் பாட்டு ஸ்டூடியோவுக்கான சாமான். பையன் யூடியூபில் பார்க்கிற ஸ்டூடியோ வீடியோக்களிலிருந்து எடுத்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

சினிமாவில் காட்சியின் நீளம் முடிவாகிவிடும். கதாநாயகன் கதவைத் திறக்க இத்தனை வினாடி என்றால் அத்தனை வினாடிதான். கேமில் விளையாடுகிறவர் கதவுக்கு முன்னால் பத்து வினாடியும் நிற்பார், அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் நாற்பது நிமிஷம் கழித்தும் வருவார். அதுவரை இசை அலுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் கதவு திறந்த நொடியில் தடுக்கி விழாமல் அடுத்த மனநிலைக்குப் போக வேண்டும். 1991ல் லூகாஸ்ஆர்ட்ஸ் கம்பெனியில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் இருவரும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். மங்கி ஐலண்ட் 2 கேமில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குள் நுழைந்தால் அதே மெட்டு வேறு வாத்தியத்துக்கு, தாளம் பிசகாமல் மாறும். தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லாரும் சரியாக எடுப்பில் வந்து சேர்கிற மாதிரி. இன்றைக்கு இந்த வேலையைச் செய்ய எஃப்மாட், வைஸ் என்ற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ள இரண்டுமே இலவசம். கேம் இசைக்காரரையும் மற்றவரையும் பிரிக்கிற கருவி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். 88 கட்டை கீபோர்டு இல்லை.

மைக் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. பக்கத்து பிளாட்டில் குக்கர் விசில், கீழே பால்காரர் ஹார்ன். எதைப் பதிவு செய்யப் போகிறான்?

இந்தக் காலத்து உதாரணமும் வேண்டும் என்பவர்களுக்கு: 2015ல் வந்த அண்டர்டேல் கேமை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ், இசையையும் தானே எஃப்எல் ஸ்டூடியோவில் போட்டார். ஒலிகளில் பல, பழைய கேம்களின் சாயலில் இணையத்தில் கிடைக்கிற சவுண்ட்ஃபான்ட்டுகள். 2016ல் வந்த ஸ்டார்ட்யூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாக நான்கு வருஷத்துக்கு மேல் உழைத்து முடித்தார். படம், புரோகிராம், கதை, இசை எல்லாம் அவரே. அந்த நாட்களில் தியேட்டரில் டிக்கெட் பார்த்து சீட் காட்டுகிற பகுதி நேர வேலை. இசைக்குப் பயன்படுத்தியது ரீசன் என்ற ஒரு சாஃப்ட்வேர். இருவருடைய இசையையும் இப்போது ஆர்கெஸ்ட்ராக்கள் மேடையில் வாசிக்கின்றன.

சரி, நான் கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னது இதுதான். வீட்டில் இருக்கிற லேப்டாப் போதும். வயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காது பொய் சொன்னால் கை என்ன செய்யும்? புளூடூத் வேண்டாம், கட்டையை அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வரும். பழைய கீபோர்டில் யூஎஸ்பி இருந்தால் அதையே மிடி கீபோர்டாகச் செருகலாம். ரீப்பர் சாஃப்ட்வேரை 60 நாள் சும்மா உபயோகித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். ஃபர்னஸ் என்று இன்னொரு இலவச சாஃப்ட்வேர். அதில் கோஷிரோ மல்லாடிய அதே மெகா டிரைவ் சிப்பை லேப்டாப்புக்குள்ளேயே எழுப்பி, அதே நாற்பது சொச்சம் எண்களையும் மாற்றிப் பார்க்கலாம். ஆறு குரலில் ஒரு நிமிஷப் பாட்டு எழுதி அது நன்றாக இருந்தால், அறுபது குரலில் எழுதவும் வரும். ஆறில் வராதது அறுபதில் மறைந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அப்புறம் கேம் ஜாம். ஒரு வாரக் கடைசியில் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து சின்னச் சின்ன கேம் செய்வார்கள். லுடம் டேர் 2002ல் தொடங்கியது, குளோபல் கேம் ஜாம் 2009ல். புரோகிராம் எழுதத் தெரிந்த பையன்கள் இசைக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். நம்மவன் மூன்று ஜாமில் உட்கார்ந்து, ஞாயிறு ராத்திரிக்குள் இசையை முடித்துக் கொடுத்துவிட்டான் என்றால், அதற்குப் பிறகு எந்த சாமான் தனக்கு நிஜமாகவே குறைகிறது என்று அவனுக்கே தெரியும். அப்போது கேட்கட்டும், அப்போது வாங்கிக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிப்புக்கும் இதனால் பங்கம் வராது. வருஷத்தில் மூன்று சனி ஞாயிறுதானே. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மூணுன்னா மூணுதாண்ணா, நாலாவது கேட்டா நான் உங்க வீட்டுக்குத்தான் வருவேன்" என்றார். வரட்டும், காப்பி தருகிறோம்.

ஏஐ விஷயமும் வந்தது. நாலு வரி டைப் அடித்தால் பாட்டு கொட்டுகிற சூனோ, யூடியோ எல்லாம் வந்துவிட்டபோது இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று அப்பா கேட்டார். நியாயமான பயம். 2024 ஜூனில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் அந்த இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. அதே வருஷ ஆரம்பத்திலிருந்து ஸ்டீம் கடையில் கேம் போடுகிறவர்கள் ஏஐ பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. மலிவான பின்னணி இசை வேலைகளுக்கு அடி விழும் என்றே நினைக்கிறேன். எந்தக் கதவு திறக்கும்போது எந்தத் தாளத்தில் மாற வேண்டும் என்று கேம் செய்கிறவரோடு உட்கார்ந்து யோசிக்கிற வேலைக்கு அவ்வளவு சீக்கிரம் அடி விழாது. ஆனால் நிலவரம் இப்படிக் கலங்கலாக இருக்கும்போது பி.எஃப். பணத்தை உடைத்து ஸ்பீக்கர் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. படிப்பும் ஓடட்டும், இதுவும் ஓடட்டும்.

கடைசியாக ஒன்று. 80களில் ஜப்பானிய கேம் கம்பெனிகள் பல, இசையமைப்பாளர்களின் சொந்தப் பெயரையே போடாது. புனைபெயர்தான், சில சமயம் அதுவும் கிடையாது. 1989ல் வந்த ரிவெஞ்ச் ஆஃப் ஷினோபியில் இசை உரிமை யூசோ கோஷிரோவுக்கு என்று திரையிலேயே போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லி இவ்வளவும் எழுத முடிகிறது. உங்கள் பிள்ளை நண்பனுடைய கேமுக்கு ஓசியில் இசை போட்டுக் கொடுத்தாலும், பெயர் எங்கே வரும், பாட்டின் உரிமை யாருக்கு, பின்னால் கேம் விற்றால் என்ன பங்கு என்று ஒரு மெயிலில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். இதை மட்டும் அப்பாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

பி.கு: கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 1992ல் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2ன் முதல் கட்ட இசை, "கோ ஸ்ட்ரெயிட்", அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்போனில். எத்தனை குரல் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள், யார் சரியாகச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் :-)